சொட்டுத் தண்ணீர் விடாதவள்

அடுப்பில் வெங்காயத்தை ஏற்றிவிட்டால் அவள் கரண்டியைத் தொடமாட்டாள். வாணலியை மூடுவாள், தீயைத் தணிப்பாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் நின்று பார்க்கும் எனக்குத்தான் பொறுக்காது.

"அடி புடிச்சிடப் போவுதும்மா."

"புடிக்காது சார்."

"கொஞ்சம் தண்ணியாவது தெளியேன்."

"எதுக்கு? அதுக்குள்ளயே இருக்குது. தானா விடும்."

ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பத்தொரு நிமிடம். அதற்குள் அவள் மூடியைத் திறந்தது இரண்டே முறை. இரண்டாம் முறை திறந்தபோது, உரித்துப் போட்ட முப்பது சாம்பார் வெங்காயமும் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, தன் நீரிலேயே வெந்து, பழுப்பேறிக் கிடந்தது. அதில் சேர்ந்த மற்ற பொருள்கள் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், தட்டிய மிளகு நாலு, ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை. உப்பு இல்லை. என் மனைவிக்கு உப்பு ஆகாது. அவளுக்காகத்தான் அந்தச் சமையலே.

மரக்காணத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு, வெங்காயம் வேகவைக்க வருகிறவளுடையது. உப்பளத்தில் கூலி வேலை. விடியுமுன் போனால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால், "கடல் உள்ள வந்ததுல பத்து கூடிடுச்சு, நீங்களே கூட்டிக்குங்க" என்பாள். பெயரை எழுதப்போவதில்லை. இதைப் படித்துக் காட்ட அவளுக்கு ஆள் இருக்கிறது, என்னைக் கேள்வி கேட்க அவளுக்கு வாயும் இருக்கிறது. இந்த வயதில் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் ஒரு தனியார் உப்பளத்தின் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் மூட்டை எண்ணியவன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டு தை மாதம் என் மனைவிக்குக் கால் வீங்கியது. திண்டிவனத்து டாக்டர், இதயம் தளர்ந்திருக்கிறது, உடம்பில் நீர் தங்குகிறது என்றார். ஒரு முழு மாத்திரையும் ஒரு அரை மாத்திரையும் எழுதிக் கொடுத்து, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை நீங்கதான் செய்யணும். உப்பைக் குறைங்க" என்றார்.

அந்த மீதியை நான் எடுத்துக்கொண்டேன். சமையலும் என் கைக்கு வந்தது. அவளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஸ்பூன் உப்பு, விரலால் தலை தட்டியது. உப்பு ஜாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். உப்பு மலை மலையாகக் குவிந்து, கீற்றுப் போட்டு மூடிக் கிடக்கும் ஊரில் உப்பைப் பூட்டி வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மனைவியின் தையல் டேப்பால் அவள் கணுக்காலை அளந்து, காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

அவள் சாப்பிடுவது நாளுக்கு நாள் குறைந்தது. ஒன்பது கவளம், ஏழு, ஐந்து. "கசக்குதுங்க" என்பாள். மாத்திரையால் நாக்குச் செத்துவிட்டது என்று நினைத்தேன். பருப்பைக் கூடக் குழைத்தேன், ரசத்தில் சீரகம் கூட்டினேன். தட்டை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொள்வாள். கண்ணெதிரே ஒரு ஆள் பசியோடு இளைப்பதும் நீரால் ஊதுவதும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மூன்றாவது வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். அவளுக்கு இருபது வருடமாக ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் என் மனைவி. "அக்கா, பிரம்மதேசத்துல எங்க அண்ணன் கொல்லையில வெங்காயம் புடுங்கினாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். என் மனைவி சோற்றைத் தொடாமல் அந்த வெங்காயத்தை மட்டும் வழித்துத் தின்றாள். மறுநாளிலிருந்து உப்பளம் விட்டதும் குளித்துவிட்டு எங்கள் அடுப்படிக்கு வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அவள் அண்ணன் ஊரான பிரம்மதேசத்திலிருந்து வந்த வெங்காய மூட்டையும் எங்கள் வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு நன்றி இருந்தது. எரிச்சலும் இருந்தது. என்னிடம் உணவுச் சத்துகளைப் பட்டியலிட்ட பழைய புத்தகம் ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

"இதோ பாரும்மா. வெங்காயத்துல நூத்துக்கு எண்பதுக்கு மேல தண்ணி. புரதம் ஒண்ணோ ரெண்டோ. கொழுப்பு இல்லவே இல்ல. கொஞ்சம் வைட்டமின் சி, அதையும் நீ முக்கா மணி நேரம் வேகவச்சே போக்கிடற. மீதி கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் நார். அவ்வளவுதான். இதைத் தின்னு ஒரு நோயாளி எப்படித் தேறுவா?"

"தண்ணி நல்லதுதானே சார்?"

"தண்ணி சாப்பாடு ஆவுமா?"

"சாப்பாடு எறங்கறதுக்கு ஆவும்."

விட மனமில்லாமல், வெங்காயம் காயே கிடையாது, கிழங்கும் கிடையாது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒன்றைக் குறுக்கே வெட்டி வளையங்களைக் காட்டினேன். இது ஒவ்வொன்றும் ஒரு இலையின் அடிப்பாகம். அடுத்த பருவத்தில் பூத்தண்டு விடுவதற்காகச் செடி தன் சாப்பாட்டை இந்த இலையடியில் சேர்த்து வைக்கிறது. மண்ணுக்குள் இருப்பதால் வேர் என்று நினைத்துவிடக் கூடாது. வேர், அடியில் தொங்குகிற அந்தத் தாடி மட்டும்தான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு உள்ளே திரும்பி, "அக்கா, இத்தினி நாளா நாம கீரை திங்கறோமாம், சார் சொல்றாரு" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என் மனைவி சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இல்லாத ஒரு காரியத்தை வெங்காயம் செய்தது. பச்சையாக இருக்கும்போது கண்ணைக் கரிக்கும் அந்தக் காரம், மெல்ல வேகவேகப் போய்விடுகிறது. அதற்கு அடியில் ஒளிந்திருந்த இனிப்பு மேலே வருகிறது. உப்பில்லாத சோற்றைத் தொண்டைக்குள் தள்ள அந்த இனிப்பு ஒரு வழி செய்தது. பதினொரு கவளம் வரை எண்ணினேன்.

"தானா விடும்" என்பது அடுப்புக்கு மட்டும் அவள் சொன்னதல்ல. அவள் புருஷன் ஒருமுறை சண்டை போட்டுக்கொண்டு பெருமுக்கல்லில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். போய் அழைத்து வா என்று தெருவே சொன்னது. இவள் அசையவில்லை. பதினோராவது நாள் அவன் ஒரு பலாப்பழத்தோடு வந்து வாசலில் நின்றான். "கூப்பிடப் போயிருந்தா ஒரு வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவான். இப்போ பாருங்க, பழத்தோட வந்துச்சு" என்றாள்.

உப்பளத்திலும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பெண்களின் கால் வெடித்துப் புண்ணாகும். ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர் காதில் வாங்கவில்லை. இவள் கத்தவில்லை. ஒரு நாள் காலையில் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் போய், வெடித்த பாதங்களை அவர் நாற்காலிக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னும் பதினாறு பேர் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் பூட்ஸ் வந்தது. இதை அவள் சொல்லவில்லை. அலுவலகத்தில் எனக்குப்பின் வேலைக்கு வந்தவர் சொன்னார். "அந்தம்மா திட்டியிருந்தாக்கூட முதலாளி தாங்கியிருப்பாரு சார்" என்றார்.

அவளுடைய காத்திருப்பில் எனக்கு ஒரு பயம் இருந்தது. அது சும்மா இருப்பது அல்ல, ஏதோ ஒன்றை நெருக்குவது.

சித்திரை பிறந்தது. காலண்டரின் பின்பக்கம் நான் எழுதிய கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. கணுக்கால் வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் ஏறிக்கொண்டிருந்தது. மாத்திரை ஒன்று தவறவில்லை. உப்பு கால் ஸ்பூனைத் தாண்டவில்லை. என் கையால் போகாத பண்டம் ஒன்றே ஒன்றுதான் என் மனைவியின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது, அந்த வெங்காயம். அது இனிக்கிறதே, ருசிக்கிறதே, உப்பே இல்லாமல் எப்படி ருசிக்கும்? அவளோ உப்பிலேயே நிற்கிறவள். முந்தானையில் ஒரு சிட்டிகை முடிந்து வர எத்தனை நேரம் ஆகும்?

ஒரு நாள் அவள் படியேறும்போதே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, எனக்குத் தெரியாம அக்காவுக்கு உப்பு போட்டுக் குடுக்கறியா?"

உள்ளே கட்டில் கிரீச்சென்றது. "என்னாங்க இது!" என்றாள் என் மனைவி.

வந்தவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.  அடுப்படிக்குப் போய் எங்கள் எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்தாள். பின்பக்கம் போய் அடிபம்பை நான்கு முறை அடித்தாள். தட்டில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, துவைக்கும் கல்லின் மேல் வெயிலில் வைத்தாள்.

"சாயந்திரம் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தைத் தொடாமலே போய்விட்டாள்.

நான்கரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். தட்டு காய்ந்திருந்தது. அடியில் வெள்ளையாக, உப்பளத்துப் பாத்தியில் முதலில் படியும் ஏடு போல ஒன்று. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

முந்தைய மார்கழியில் சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன பிறகு எங்கள் பக்கத்துப் பம்புகளில் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரியும். குடிப்பதற்கு வாரத்தில் இரண்டு நாள் லாரித் தண்ணீர் வரும். சமையலுக்கும் மற்றதற்கும் பம்புதான். இரண்டு வாரத்தில் நாக்குப் பழகிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தவறு வரும். உப்பு என்றால் குவியலாக இருப்பது, மூட்டையில் போவது, ஜாடியில் இருப்பது. முப்பத்துநான்கு ஆண்டுகள் உப்பை எண்ணியவனுக்கு, அது எண்ண முடியாத உருவத்திலும் இருக்கும் என்று தோன்றவில்லை. கடல்நீரைப் பாத்தியில் விட்டு உப்பாக்கும் ஊரில், பானையில் விட்டால் மட்டும் அது எங்கே போகும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளை இன்னும் நம்பாமல் மறுநாள் நானே வெங்காயம் வேகவைத்தேன். அவள் சொன்னதுபோல் மூடி வைத்தேன். கிண்டாமல் இருக்கத்தான் முடியவில்லை. பாதி கருகிவிட்டது. வடிந்த சாற்றை ஒரு தட்டிலும் பம்புத் தண்ணீரை இன்னொன்றிலும் வெயிலில் வைத்தேன். மாலையில் ஒரு தட்டில் வெள்ளை ஏடு. மற்றதில் பிசுபிசுப்பான பழுப்புக் கறை, அதைச் சுற்றி எறும்பு. அடுத்த ஐந்து நாள் தட்டுத் தட்டாகக் காயவைத்துச் சுரண்டிச் சேர்த்தேன். என் மனைவியின் சோற்றுக்கும் பருப்புக்கும் ரசத்துக்கும் நான் ஊற்றிய தண்ணீரை அளந்து பார்த்தேன். நான் பூட்டி வைத்து அளந்த கால் ஸ்பூனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பை, தினமும் என் கையாலேயே குடம் குடமாக அடித்து எடுத்து வந்து ஊட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் வெளித் தண்ணீர் சேராமல் வெந்தது அவளுடைய வெங்காயம் ஒன்றுதான்.

ஆறாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து குதிகால் வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

"விடுங்க சார்."

"உனக்குத் தண்ணி விஷயம் எப்பவே தெரியுமா?"

"மாசியிலயே தெரியும். மொத நாள் உங்க ரசத்தை வாயில வச்சேனே."

நாற்பத்துமூன்று நாள். மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டேன். எனக்குக் குரல் எழும்பியது. "அப்போ சொல்றதுக்கு என்னா? வாயில கொழுக்கட்டையா? அவ கால் ஊதறதப் பாத்துக்கிட்டுதானே இருந்த?"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன் சார். கையப் புடிச்சிக்கினாங்க. 'அவரு அளந்து அளந்து போடறாரு. அதுவும் தப்புன்னு தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சிடுவாரு. சொல்லாதடி. நான் கொறச்சித் தின்னுக்கறேன்'னு சொன்னாங்க. சத்தியம் வாங்கிட்டாங்க."

அவள் கிண்ணத்தை மறுபடி இழுத்து, அடுத்த குதிகாலுக்கு எண்ணெய் எடுத்தாள்.

"நீங்களே கண்டுபுடிச்சிடுவீங்கன்னு இருந்தேன். படிச்சவரு. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு, தானா வரும்னு இருந்தேன். வரல."

அந்த "வரல" என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் என்மேல் குற்றம் இல்லை. தன்மேல்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது அது கேட்கவில்லை. அவளிடம் நானும் ஒரு சத்தியம் வாங்கினேன். இனி அக்காவுக்கு எது என்றாலும், அவள் சொல்லாதே என்றாலும், அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட வேண்டும். அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு என் கையில் அடித்தாள். எண்ணெய்க் கை.

அதன் பிறகு சமையல் முழுக்க லாரித் தண்ணீரில். வாரத்துக்குப் பதினான்கு குடம், பாதியை அவள் சுமந்தாள். மூன்று வாரத்தில் கணுக்கால் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியது. டாக்டர், "என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். வெங்காயம் என்றேன். "அதுல மருந்து ஒண்ணும் இல்லீங்களே" என்றார். தெரியும் என்றேன். மீதியை விளக்கிச் சொல்ல அசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சிருக்குது. எங்கிட்டச் சொல்ல என்னா?"

"சாப்பிடறேனே இப்போ. விடுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, உப்பளத்தில் வேலை இல்லாத மழைக்காலம், மூன்றாவது வீட்டுக்காரி நனைந்துகொண்டே வந்து என்னை வாசலுக்கு அழைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்.

"அக்காவுக்கு மூணு நாளா படுத்தா மூச்சு வாங்குதாம் சார். உக்காந்துக்கினே தூங்கறாங்களாம். மழை விட்டதும் போவலாம், அவருகிட்ட சொல்லாதேன்னாங்க. எனக்கு நேத்து சாயந்திரந்தான் தெரியும். ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தேன். சொல்லிட்டேன்."

நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். மூன்று இரவும் எனக்குத் தெரியவில்லை.

அன்றே வண்டி வைத்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. இரண்டு நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்றார்கள். வண்டியில் ஏற்றும்போது என் மனைவி அவளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "நீயுமாடி?"

அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறி வந்தாள். வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் உட்காருவாள். உள்ளே வரமாட்டாள்.

"உள்ள வாம்மா, நான் சொல்றேன்" என்றேன்.

"வேணாம் சார். கூப்பிடட்டும்."

"அவ பிடிவாதம் உனக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது?"

நான் உள்ளே போய், சத்தியம் வாங்கியது நான்தான், அவள்மேல் தப்பில்லை என்று சொன்னேன். "தெரியும்" என்றாள் என் மனைவி.  முப்பத்தெட்டு வருடம் என் கணக்குகளை, நான் உடைந்துவிடக் கூடாதென்று, அவள் எனக்குத் தெரியாமல் திருத்தி வந்திருக்கிறாள். அதற்கு அவளுக்கு இருந்த ஒரே துணையை நான் பிடுங்கிக்கொண்டேன். இதை அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எனக்கே விளங்கியது.

ஒன்பதாம் நாள் மதியம் மூச்சு சீராக இருந்தது. தலையணையை உயர்த்தி வைத்துக் கஞ்சி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கையால் தடுத்தாள்.

"வெளிய இருக்காளா?"

"இருக்கா."

"மழையில பஸ்ஸுல வந்திருப்பா" என்றாள்.  "சாப்ட்டாளான்னு கேளுங்க. இல்லன்னா உள்ள வரச் சொல்லுங்க. இதைத் தின்னட்டும்."

கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு நான் எழுந்து போனேன்.